அழைக்கின்ற வீடு எத்தகையது? பிரசன்னத் திருநாட் காலமும் புதுக்கோட்டைச் சீமையும்

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 6ஆம் நாளன்று திருச்சபை கொண்டாடும் பெருநாளைத் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையார் பிரசன்னத் திருநாள் என்று வழங்குகின்றனர். கத்தோலிக்க மக்கள் இதனை மூன்று ராஜாக்கள் திருநாள் என்பர். திருக்காட்சிப் பெருவிழா என்றும் கூறுவர். கிரேக்க மொழியில் இதற்குரிய எப்பிஃபனேயா என்னும் சொல், தோன்றுதல், வெளிப்படுதல் என்னும் பொருளது. பண்டை உலகில் மன்னன் ஒருவன் தன் நகருக்கு எழுந்தருளுவதையும், தெய்வம் தன் அடியார்க்குக் காட்சி தருவதையும் அச்சொல் குறித்தது. நம் வழக்கிலுள்ள பிரசன்னம் என்னும் வடசொல்லோ, முன்வந்து நிற்றலையும் முகம் மலர்ந்திருத்தலையும் ஒருங்கே உணர்த்துவது. மொழிபெயர்த்த முன்னோர் இவ்விரு பொருளையும் எண்ணித்தான் அமைத்தனரோ அறியோம். சொல் பொருத்தமாகவே வாய்த்துவிட்டது.

கிழக்குத் திருச்சபையில் இத்திருநாள் ஆண்டவரின் திருமுழுக்கை நினைவுகூரும் நாளாக விளங்கிற்று. மேற்கில் கீழ்த்திசை ஞானிகளின் வருகை முதலிடம் பெற்றது. கானாவூர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சரசமான நிகழ்ச்சியும் பண்டுதொட்டே இவற்றோடு இணைந்து நின்றது. மூன்றுக்கும் பொதுவாயிருப்பது, மறைந்திருந்தவர் பிறர் காண வெளிப்படுகிறார் என்பதே. கிறிஸ்து பிறப்புத் திருநாளில் வீட்டார் மட்டும் கூடியிருக்க, பிரசன்னத் திருநாளில் வாசற்கதவு புறத்தாருக்குத் திறக்கிறது எனலாம். ஆகவேதான் ஜெர்மனி, சுவீடன் முதலிய நாடுகளின் லுத்தரன் சபைகள் இந்நாளை அருட்பணிக்குரிய நாளாகக் கொண்டு, அப்பணிக்கெனக் காணிக்கை சேர்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டன.

நம் சபைகளிலோ இத்திருநாளுக்குக் கிடைக்கும் இடம் சிறியது. டிசம்பர் மாதம் முழுவதும் பாடற்பவனி. 31ஆம் நாள் இரவு விழித்திருப்பு ஆராதனை. புத்தாண்டு நாளில் வாக்குத்தத்த அட்டைகள். இவையெல்லாம் முடிந்து பாடகர் குழுவினர் களைத்துப்போயிருக்கும் வாரத்தில், பெரும்பாலும் வேலைநாளொன்றில், பிரசன்னத் திருநாள் வந்து போகிறது. ஆயின் அதனைத் தொடரும் ஞாயிற்றுக்கிழமைகளின் திருமறைப் பகுதிகள் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப நம்முன் வைக்கின்றன. கிறிஸ்துவைக் கண்டவர் பிறரை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதே அப்பொருள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சூழலை மனத்திற்கொண்டு அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஞானிகளை நோக்குவோம். இவர்களைப் பழைய தமிழ்த் திருமறை சாஸ்திரிகள் என்றே குறிப்பிடுகிறது. இவர்கள் மூவர் என்றோ மன்னர் என்றோ மத்தேயு கூறவில்லை. அவை பின்னர் எழுந்த மரபுகள். இவர்களை அழைக்க எந்த நற்செய்தியாளரும் கீழ்த்திசைக்குச் செல்லவில்லை. அவர்கள் கற்றிருந்தது வானநூல். அவ்வானநூலின் வழியாகவே இறைவன் அவர்களை அழைத்தார். இதற்கு மாறாக, எருசலேமில் ஏரோதின்முன் கூடிய வேதபாரகர் மேசியா பிறக்கும் ஊரைத் தீர்க்கதரிசன ஏட்டிலிருந்து பிழையின்றிக் காட்டினர். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்; ஒரு காலை நடைத்தூரம். வழிகாட்டியவர்களில் ஒருவரும் அத்தூரம் நடக்கவில்லை. இறையியல் கல்லூரியின் இதழில் எழுதும் நமக்கு இப்பகுதி சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

ஞானிகள் பின்னர் வேறு வழியாய்த் தங்கள் நாட்டுக்குத் திரும்பிப்போயினர் என்பதும் கருதற்பாலது. அவர்கள் யூத மார்க்கத்தில் சேர்ந்ததாகவோ, பெத்லகேமில் தங்கிவிட்டதாகவோ மத்தேயு எழுதவில்லை. வந்தனர், வணங்கினர், தம்மிடமிருந்ததைத் திறந்து வைத்தனர், சென்றனர். அழைப்பின் பயனை எண்ணிக்கையால் அளந்து பழகிய நாம், பதிவேட்டில் ஒரு பெயரும் சேராத இவ்வருகையை எவ்வாறு மதிப்பிடுவது?

அடுத்து யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம். சீடர் இருவர் இயேசுவின் பின்னே சென்று அவர் தங்குமிடம் யாதென வினவுகின்றனர். அவர் கோட்பாடொன்றை விளக்காமல், வந்து காணும்படி அவர்களை அழைக்கிறார். அன்று பிற்பகல் 4 மணியளவில் தொடங்கி அவர்கள் அவரோடு தங்கினர். மறுநாள் பிலிப்பு நாத்தான்வேலிடம் செல்லுகிறான். நாசரேத்து என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் நாத்தான்வேலின் முகம் சுளிக்கிறது. அவ்வூரிலிருந்து நன்மை எதுவும் வரக்கூடுமோ என்று ஐயுறுகிறான். நம் சிற்றூர்களில் இக்கேள்வி நன்கு பழகிய கேள்வியே. புதியவர் ஒருவர் பேருந்திலிருந்து இறங்கினால் எந்த ஊர் என்பது முதற்கேள்வி. எந்தத் தெரு என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தவுடன் திண்ணையில் அமரச் சொல்லுவதா, நிற்க வைத்தே பேசுவதா என்பது முடிவாகிவிடும். பிலிப்பு நாத்தான்வேலோடு வழக்காடவில்லை. வந்து பார்க்கும்படி மட்டும் சொல்லுகிறான். அவன் அவ்வாறு சொல்ல முடிந்ததற்குக் காரணம், காட்டுவதற்கு ஓர் இடமும் ஆளும் இருந்ததே. ஆகவே அழைப்பைப் பற்றிய முதற் கேள்வி, எவ்வாறு பேசுவது என்பதன்று. வருகிறவர் எதைக் காண்பார் என்பதே.

புதுக்கோட்டைச் சீமை

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக இருந்து, 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. தனி மாவட்டமாக அமைந்தது 1974 சனவரி 14ஆம் நாள். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருப்பெற்றதும் 1919ஆம் ஆண்டின் அதே சனவரி 14ஆம் நாளே. இரண்டும் பிரசன்ன காலத்திலும் பொங்கற் காலத்திலும் வந்தது தற்செயலே. எனினும் நினைவிற்கொள்ள எளிது.

சமய வேற்றுமை இம்மண்ணுக்குப் புதிதன்று. சித்தன்னவாசலில் சமண முனிவர் படுத்த கற்படுக்கைகளும் அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்தன என்பர் அறிஞர். திருமயத்தை அடுத்த காட்டுபாவா பள்ளிவாசலுக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு வருகின்றனர். ஆவூரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் யேசு சபைக் குருவாகிய புஷே ஆலயம் எழுப்பினார். 19ஆம் நூற்றாண்டில் லைப்சிக் லுத்தரன் மிஷன் புதுக்கோட்டையைத் தன் பணித்தலங்களுள் ஒன்றாகக் கொண்டது. முதல் உலகப் போரின்போது ஜெர்மானிய மிஷனெரிகள் நாட்டைவிட்டு அகல நேர்ந்தபின், சுவீடன் திருச்சபையார் அப்பொறுப்பை ஏற்றனர். இத்தனை காலத்திற்குப் பின்னும் இம்மாவட்டத்தில் கிறிஸ்தவர் சிறுபான்மையினரே. இசுலாமியரைவிடவும் எண்ணிக்கையிற் குறைந்தவர். நாம் அழைக்கப் புகும் இடத்தில் நாமே பிறரால் இடம் தரப்பட்டு வாழ்கிறோம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமற் கடந்து செல்ல மனமில்லை. தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் நடைபெறுவது இம்மாவட்டத்தின் கந்தர்வகோட்டைப் பகுதியிலுள்ள தச்சங்குறிச்சியில். அது புத்தாண்டையும் அவ்வூர்க் கத்தோலிக்க ஆலயத் திருவிழாவையும் ஒட்டி நடப்பது. 2024இல் அது சரியாகச் சனவரி 6ஆம் நாளிலேயே நடந்தது. பல மாவட்டங்களிலிருந்து காளைகளும் மாடுபிடி வீரரும் வந்து திரளுகின்றனர். வருவோர் பெரும்பாலார் கிறிஸ்தவரல்லர். சீர்திருத்த மரபிலே வளர்ந்த நம்மில் பலருக்கு இதிலே மனவிருப்பம் இராது. காளைக்கும் கோயிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பர். ஆயினும், பிரசன்னத் திருநாளன்று ஆலயத்தை முன்னிட்டு அத்துணைப் புறத்தார் கூடும் இடம் நம் வசத்தில் வேறொன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அம்மக்கள் துண்டறிக்கை படித்து வந்தவரல்லர். திருவிழா ஊராருடையதாக இருப்பதால் வந்தவர்கள்.

கிண்ணமும் குவளையும்

2022ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாள், இம்மாவட்டத்தின் அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குக் குடிநீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது. குழந்தைகள் தொடர்ந்து நோயுற்றதாலேயே தொட்டியைச் சோதிக்கும் எண்ணம் மக்களுக்கு உண்டாயிற்று. அதற்கு அடுத்த நாள் அங்கே சென்ற மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவிடம், தேநீர்க் கடையில் தங்களுக்குத் தனிக் குவளை வைக்கப்பட்டிருப்பதையும், இறையூர் ஐயனார் கோயிலில் தங்களுக்கு நுழைவு மறுக்கப்படுவதையும் மக்கள் எடுத்துரைத்தனர். அவர் அன்றே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். தொட்டியில் அக்கொடுமையைச் செய்தவர் யார் என்பது பின்னர் நெடிய விசாரணைக்கு உட்பட்டது. 2025 சனவரியில் காவல்துறை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது குற்றம் சாட்டியது. அம்மக்களும் அரசியல் இயக்கங்கள் பலவும் அதனை ஏற்க மறுத்தனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் தனிக் குவளையும் பூட்டிய வாசலும் ஐயத்திற்கிடமானவை அல்ல.

கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் வீட்டு வாசல்களில் தொங்கிக்கொண்டிருந்த அதே வாரத்தில் இது வெளிப்பட்டது. இதுவும் ஒரு வெளிப்படுதலே. மறைந்திருந்த ஒன்று பிறர் காண வெளியே வந்தது. அவ்வாண்டுப் பிரசன்னத் திருநாளில் நம் மாவட்டத்துப் பிரசங்க பீடங்களிலிருந்து உலகத்தின் ஒளியைப் பற்றி உரைத்தவர், 10 நாட்களுக்குமுன் வெளிச்சத்துக்கு வந்ததை விட்டுவிட்டுப் பேசியிருக்க முடியாது; பேசியிருந்தால் அது எந்த உலகத்தின் ஒளி?

இவ்விடத்தில் நம் வீட்டுக் கதையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையில் சாதி, விருந்துப் பந்தியைச் சுற்றியே பெரும்பாலும் தன் முகத்தைக் காட்டியது. 18ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும், சாதியார் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்டோர் ஒரு பக்கமுமாக ஆலயத்தில் அமர்ந்தனர்; திருவிருந்தில் ஒருசாரார் பங்குபெற்ற பின்னரே மறுசாரார் வந்தனர். கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் இதனை ஒழிக்க வேண்டுமென்று கடிதம் விடுத்தார். தஞ்சையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அழியாப் புகழ்பெற்ற கீர்த்தனைகளை நமக்குத் தந்த வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவருள் ஒருவர். லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியாவில் தங்கி ஆராய்ந்து, சாதி ஒரு சமுதாய ஒழுங்கு, அதனை வலிந்து அகற்றலாகாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த பெருந்தகை அவர். பிறப்பொக்கும் என்னும் அறத்தைப் பாடிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு அம்முடிவுக்கு அவர் எங்ஙனம் வந்தார் என்பது நமக்கு வியப்பே. மதுரையைச் சேர்ந்த அமெரிக்க மிஷனோ அதே காலப்பகுதியில் வேறு வழியை மேற்கொண்டது. உபதேசியார் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் அன்பின் விருந்தை ஏற்படுத்தி, அதில் அமர மறுத்தவரை விலக்கவும் துணிந்தது. உழைப்பாளர் பலரை அம்மிஷன் அதனால் இழந்தது. புதுக்கோட்டை லுத்தரன் சபை முதல் வழியின் வழித்தோன்றல் என்பதை மறைப்பதிற் பயனில்லை.

அதெல்லாம் பழங்கதை என்று சிலர் கூறக்கூடும். இன்று ஆலயத்தில் ஒரே கிண்ணம்தான் என்பதும் உண்மையே. ஆயின் கிறிஸ்தவ இதழ்களில் வெளிவரும் மணமக்கள் விளம்பரங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்போமாக. மறுபிறப்பின் அனுபவம் வேண்டுமென்று கேட்கும் அதே மூன்று வரிகளுக்குள் சாதியின் பெயரும் இடம்பெறுவதைக் காணலாம். கிண்ணம் ஒன்றாயிற்று, குவளை வீட்டுக்குள் போய்விட்டது.

கானாவூர் நிகழ்ச்சியை இப்பின்னணியிற் படித்தால் அதன் கூர்மை விளங்கும். மேற்கத்தியத் திருச்சபையின் பழைய ஒழுங்கிலும் லுத்தரன் மரபிலும் பிரசன்னத் திருநாளுக்குப் பின்வரும் 2ஆம் ஞாயிற்றுக்குரிய நற்செய்திப் பகுதி இதுவே. அத்திருமண வீட்டில் 6 கற்சாடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் இக்கால அளவில் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் கொள்ளத்தக்கது. அவை எதற்கென யோவான் தெளிவாகவே குறிப்பிடுகிறார்: யூதர் தங்களைச் சுத்திகரித்துக் கொள்ளும் முறைமைக்காக. நம் பேச்சிற் சொன்னால், தீட்டுக் கழிப்பதற்கான தண்ணீர். தூயவரையும் தீட்டுப்பட்டவரையும் வகைப்படுத்த வைத்திருந்த அச்சாடிகளையே ஆண்டவர் எடுத்துக்கொண்டார். விருந்தினர் அனைவரும் ஒன்றாய்ப் பருகும் பானத்திற்கு அவை கலங்களாயின. புதிய சாடிகளை அவர் தருவிக்கவில்லை. தீட்டின் சாடி பந்தியின் சாடியானது. அதன்பின் அவ்வீட்டில் தீட்டுக் கழிக்கத் தண்ணீர் எங்கே இருந்திருக்கும்?

அந்தத் திராட்சரசம் எங்கிருந்து வந்ததென்பதைப் பந்திவிசாரிப்புக்காரன் அறியவில்லை, தண்ணீரை மொண்ட வேலைக்காரர் அறிந்திருந்தனர் என்னும் குறிப்பும் இங்கு நோக்கத்தக்கது. கிறிஸ்துவின் மகிமை வெளிப்பட்டபோது அதனை முதலில் அறிந்தவர் தண்ணீர் சுமந்தவர்களே. தொட்டியின்மீது ஏறிப் பார்த்தவரும் தண்ணீர் சுமப்பவரே. இவ்விரண்டையும் ஒப்பிடுவது மிகைப்பட்டது என்று சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

அழைப்பின் விலை

நற்செய்தியை அறிவிப்பதற்கு இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. அவ்வுரிமையானது பிறரை மதம் மாற்றும் உரிமையன்று என்று 1977இல் ஸ்தானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, 2004இல் கைவிடப்பட்டது. இவற்றைக் குறித்துத் திருச்சபையில் பெரும் மனக்குறை உண்டு. எனினும், வற்புறுத்தலும் ஆசைகாட்டலும் அழைப்பாகா என்பதைச் சட்டம் சொல்லித்தான் நாம் அறியவேண்டும் என்பதில்லை. வர மறுக்கும் உரிமை உடையவனுக்கே அழைப்பு விடுக்க முடியும். மறுக்க முடியாதவனுக்கு விடுப்பது ஆணை.

சட்டத்தின் வேறொரு பகுதியே இங்கே நம்மை அதிகமாகத் தொடுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினர் என்னும் தகுதி முதலில் இந்துக்களுக்கே உரியதாயிற்று. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது. கிறிஸ்தவராகும் ஒடுக்கப்பட்ட மகன் அத்தகுதியை இழக்கிறான். தமிழ்நாட்டில் அவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறான். இக்கேள்வியை ஆராய 2022இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்றை அமைத்தது. ஆக, வேங்கைவயல் போன்ற ஒரு குடியிருப்பில் வாழும் இளைஞன் ஒருவனை நாம் திருமுழுக்குக்கு அழைக்கும்போது, அவனுடைய கல்லூரி இடத்தையும் அரசுப் பணியையும், ஊராட்சித் தேர்தலில் ஒதுக்கப்பட்ட தொகுதியில் நிற்கும் உரிமையையும் விலையாகக் கேட்கிறோம். உயர்ந்த சாதியிலிருந்து வருபவனுக்கு இவ்விலை இல்லை. தன் சிலுவையைச் சுமக்க வேண்டுமென்று அவனுக்குப் போதிப்பவர், தாம் என்ன சுமந்தார் என்று திருப்பிக் கேட்கப்பட்டால் மறுமொழி கூற ஆயத்தமாயிருக்க வேண்டும்.

இதனாற்றான் நம் சபைகளில் பலர் பதிவேட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழ்கின்றனர். இன்னும் பலர் ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்து, திருமுழுக்குப் பெறாமலேயே ஆண்டவரை வணங்குகின்றனர். இத்தகையோரைப் பற்றிக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர் ஆராய்ந்து 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். திருச்சபைக்கு வெளியே தமிழ்நாட்டில் இயேசுவை வணங்குவோர் ஏராளமானவர் என்று அவர் காட்டியதை அந்நாளில் சிலர் வரவேற்றனர். திருமுழுக்கின் இடத்தை அது குறைக்கிறது என்று வேறு சிலர் அஞ்சினர். அவ்வச்சம் காரணமற்றதன்று. திருமுழுக்கு, வேண்டுமானால் கொள்ளலாம் என்று விடத்தக்க சடங்கன்று. சகோதரரோடு ஒரே உடலாக இணைக்கப்படுவது. ஆயினும் பின்வரிசையில் அமர்ந்திருப்பவரைக் கோழை என்றோ மாய்மாலக்காரர் என்றோ கூற நாம் துணியோம். ஞானிகள் வேறு வழியாய்த் திரும்பிப்போயினர். ஏரோது ஆளும் நாட்டில் வணங்க வந்தவர் எவ்வழியாய் வீடு திரும்புவது என்பதை அவர்களுக்குக் கனவில் உணர்த்தியவர் இறைவனே, சபைக் கமிட்டியன்று.

செல்லும் முறையைக் குறித்து, இம்மாவட்டமே நமக்கு ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அந்நாளில் மாவட்ட ஆட்சியராயிருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊதியம் பெறாத தொண்டர், பகலெல்லாம் வயலிலும் கற்குவாரியிலும் உழைத்த பெண்களைத் தேடி, அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாலையில், அவர்கள் வாழும் தெருவிற்கே சென்றனர். பாட்டும் வீதி நாடகமும் அழைப்பாயின. படிப்போடு நில்லாமல் பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். பல்லாயிரவர் பாவாடை தாவணியிலும் சேலையிலும் மிதிவண்டியேறிச் சாலையில் சென்ற காட்சியை அந்நாளில் கண்டவர் மறந்திரார். அவர்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, யாருடைய துணையையும் எதிர்பாராமல் சந்தைக்குச் சென்றனர். கல்லுடைத்த பெண்கள் குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்து நடத்தவும் முன்வந்தனர். அவ்வியக்கத்தார் எவரையும் ஒரு கட்டடத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க முயலவில்லை. கற்றுக்கொண்டவர் எழுந்து நடந்தார். நடந்தவரைக் கண்டு அடுத்த வீட்டுப் பெண் வந்தாள். ஒளி என்னும் சொல்லைத் திருச்சபை இருபது நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. அச்சொல்லைப் பெயரிற் கொண்ட ஓர் இயக்கம் சில மாதங்களில் இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் நுழைந்த அளவுக்கு நாம் நுழைந்தோமா என்பது வேறு காரியம்.

யாழ்ப்பாணத்து மெதடிஸ்த ஊழியர் டி. டி. நைல்ஸ் நற்செய்திப் பணியைப் பிச்சைக்காரன் ஒருவன் மற்றொரு பிச்சைக்காரனுக்கு உணவு கிடைக்கும் இடத்தைச் சொல்லுவதற்கு ஒப்பிட்டது உலகெங்கும் அறியப்பட்ட உவமை. அவ்வுவமையில் அழைப்பவன் வீட்டுக்காரனல்லன் என்பதை நாம் பலமுறை மறந்துவிடுகிறோம். நைல்ஸின் பிச்சைக்காரன் பந்திக்கு உரிமையாளனைப் போல் வாசலில் நின்று ஆளைத் தெரிந்து உள்ளே விடுவதில்லை. அவனும் அதே வரிசையில் அமரவேண்டியவன்.

கானாவிலும் இயேசு அழைத்தவரல்லர், அழைக்கப்பட்டவர். தாயாரும் சீடரும் அங்கிருக்க, அவரும் விருந்தினராகவே அவ்வீட்டிற்குச் சென்றார். பெயர் கூடக் குறிக்கப்படாத ஒரு சிற்றூர்க் குடும்பத்தின் சோற்றை உண்ட இடத்திலேயே அவருடைய மகிமை வெளிப்பட்டது. அழைப்பைப் பற்றி நாம் நடத்தும் கருத்தரங்குகள் எல்லாவற்றிலும் பிறரை எவ்வாறு நம் வீட்டுக்கு வரச்செய்வது என்பதே பொருளாயிருக்கிறது. ஒடுக்கப்பட்டோர் தெருவில் ஒரு பெயர்சூட்டு விழா, ஒரு பொங்கல், ஒரு காதணி விழா நடக்கிறது; ஆயருக்கும் சபை மூப்பருக்கும் அழைப்பு வருகிறது. ஆயர் சென்று ஜெபம் செய்கிறார். பிறகு வேறோர் இடத்திற்குச் செல்லவேண்டியிருப்பதாகக் கூறி, ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். அவ்வீட்டார் இலையை மடக்கி வைக்கின்றனர். அதன்பின் அந்த வீட்டாரை நோக்கி நாம் விடுக்கும் எந்த அழைப்பும் அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை.

பிரசன்ன காலம் நோன்புக்காலத்தின் தொடக்கம் வரை நீளுகிறது. ஆண்டுக்கு ஆண்டு 4 வாரம் முதல் 9 வாரம் வரை கிடைக்கும். பொங்கல் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அந்நாளில் எத்தெருவில் யார் அழைத்தாலும் சென்று பந்தியில் அமர்ந்து உண்பது என்று ஒரு சேகரக் கமிட்டி தீர்மானிக்குமானால், அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவைப்படாது. ஒலிபெருக்கிக்கு அனுமதியும் வேண்டியதில்லை. தீர்மானத்திற்கு எதிராக எத்தனை கைகள் உயரும் என்பது மட்டும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதியப்படட்டும்.